தந்தை பெரியார் வண்டி வந்துடுச்சா?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கலாம் என்று போனேன். காதல் கவிதை மட்டும் பதினேழு வந்துவிட்டது, இனிமேல் கவிதை என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுவேன் என்றார் நம் மலர்க்குழு நண்பர். ஆகவே பஸ்ஸைப் பற்றி எழுதுகிறேன். யோசித்துப் பார்த்தால் காதலை விட பஸ்தான் நமக்கு நெருக்கம். காதலுக்காகக் காத்திருப்பவர்கள் நம் கல்லூரியில் சில பேர்தான். பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள் எல்லோரும்!

எங்கள் தாத்தா (அம்மாவின் அப்பா) ஓய்வு பெற்ற கண்டக்டர். 1978-ல் வேலைக்குச் சேர்ந்து, 2007-ல் பையை ஒப்படைத்துவிட்டு வந்தவர். இன்றைக்கும் அவர் கவர்ன்மென்ட் பஸ் என்று சொல்ல மாட்டார். வாசலில் உட்கார்ந்துகொண்டு, "தந்தை பெரியார் வண்டி வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும். அப்படி ஒரு வண்டியை அவர்கள் பார்த்ததே இல்லை. 1997-லேயே பெயர் போய்விட்ட ஒரு கம்பெனியை இவர் இன்னும் தினமும் எதிர்பார்க்கிறார்.

இவர் சொல்லும் கம்பெனி எப்படி வந்தது, எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். தாத்தாவின் இரும்புப் பெட்டியையும், கிடைத்த புத்தகங்களையும் கிளறியதில் தெரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கடைசியில் நம் சங்கத்துக்கு ஒரு கோரிக்கையும் இருக்கிறது. அதனால் பாதியில் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

நம் மாநிலத்தில் பஸ் என்றாலே ஆரம்பத்தில் தனியார் முதலாளிகளின் பஸ்தான். அதில் பெரிய பெயர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். 1912-ல் மதுரையில் பஸ் விட்டவர். அந்த டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து மதுரைக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்தக் கம்பெனி கரி வாயுவில் பஸ் ஓட்டுவதற்கான கேஸ் பிளான்ட்டையும் செய்தது.

நாம் எஞ்சின் படிக்கிறவர்கள் என்பதால் இதை ஒரு வரி சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஒரு பெரிய உருளை அடுப்பு இருக்கும். அதில் மரக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரிப்பார்கள். முழுதாக எரியாததால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதை வடிகட்டி, குளிர வைத்து, எஞ்சினுக்குள் அனுப்பினால் வண்டி ஓடும். ஆனால் பெட்ரோலில் கிடைக்கும் பவர் கிடைக்காது. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடந்த கதையெல்லாம் உண்டு. சிலபஸில் இல்லாவிட்டாலும் வைவாவில் யாராவது கேட்டால் சொல்லுங்கள், மார்க் உறுதி!

சென்னையில் கதை வேறு மாதிரி. அங்கே 1947-லேயே அரசாங்கம் பஸ்ஸை எடுத்து நடத்தத் தொடங்கிவிட்டது. மற்ற ஊர்களில் முதலாளிகள் ராஜ்ஜியம் தொடர்ந்தது. 1971-ல் சட்டம் வந்தது. நிறைய பஸ் வைத்திருந்த பெரிய கம்பெனிகளை அரசே எடுத்துக்கொள்ளும் சட்டம். அதன் பிறகு 1972-ல் சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. மூவேந்தரும் பல்லவரும் சண்டையில்லாமல் ஒன்றாக இருந்தது சரித்திரத்திலேயே அப்போதுதான் இருக்கும்!

மன்னர்கள் தீர்ந்ததும் தலைவர்கள் வந்தார்கள். சேலத்தில் அண்ணா, திருநெல்வேலியில் கட்டபொம்மன். அந்த வரிசையில் 1975 ஜனவரி 16-ஆம் தேதி விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பெரியார் மறைந்தது 1973 டிசம்பர் 24. அதாவது அவர் மறைந்து பதின்மூன்று மாதத்துக்குள் அவர் பெயர் பஸ்ஸில் ஏறிவிட்டது. அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. ரயில் ஏற வேண்டும் என்றால் சின்னசேலம் போகணும் என்று சொல்லியே வளர்ந்த ஊர் நம்முடையது. நமக்கு ரயிலும் பஸ்தான், காரும் பஸ்தான், ஆத்திர அவசரத்துக்கு ஆம்புலன்ஸும் பஸ்தான்.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. சுதந்திரம் வந்த பிறகும் அது தொடர்ந்தது. கூலியில்லாத வேலை, வரி, தண்டனை என்று மலைவாழ் மக்கள் பட்ட பாட்டை மலையிலிருந்து வரும் நம் நண்பர்களின் பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். 1976-ல்தான் மலையை அரசு தன் நேர் நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தது. கீழே 1975-ல் பஸ் கம்பெனி, மேலே 1976-ல் விடுதலை. தாத்தா இதை அவர் பாணியில் சொன்னார்: "மலைக்காரனுக்கு கவர்ன்மென்ட்டுன்னா என்னான்னு மொதல்ல காட்டினது கலெக்டர் இல்லடா. ஒன் தாத்தன் மாதிரி காக்கிச் சட்டை போட்ட கண்டக்டர்தான். காசு குடுத்தா சீட்டு கிழிச்சுக் குடுத்து, உக்காருன்னு சொன்னானே, அது அவனுக்குப் புதுசு."

அந்த "உக்காரு" என்ற சொல் எவ்வளவு பெரிய சொல் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு காலத்தில் நம் நாட்டில் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்திருக்கிறார்கள். சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, அப்படி மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று கண்டிப்புச் செய்தார். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜார் அவர் பெயரில் அமைந்ததுதான். பெரியார் 1924-ல் வைக்கத்துக்குப் போனது எதற்கு? கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லா மனிதரும் நடக்க வேண்டும் என்பதற்கு. தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போனவர் பெயரை, எல்லோரும் ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டிக்கு வைத்தது பொருத்தம்தானே!

சரி, மலை பஸ்ஸுக்கு வருவோம்.

பெட்டியில் தாத்தா வைத்திருப்பவை: ஒரு விசில், டிக்கெட் கட்டு செருகும் தகரத் தட்டு, கழகத்தின் பெயர் அச்சடித்த பழைய சம்பளச் சீட்டுகள், ஓரம் கிழிந்த ஒரு தோல் பை. பையை மோந்து பார்த்தேன். சில்லறைக் காசு வாசனை இன்னும் போகவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்தபடி மலை ஏறும் வண்டியில் தாத்தா பல வருஷம் போயிருக்கிறார். மலை என்றால் சாதாரணமில்லை. இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரம். ஏறும்போது கீழ் கியரில் முக்கிக்கொண்டே போகணும். இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் கதை முடிந்தது. பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடாகி லைனிங் பிடிக்காது. ஏறும்போது போட்ட கியரையே இறங்கும்போதும் போட்டு, எஞ்சினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். நம் ஆட்டோமொபைல் பாடத்தில் அரைப் பக்கம் வரும் 'எஞ்சின் பிரேக்கிங்' என்பதை, எட்டாவது கூடப் படிக்காத டிரைவர்கள் அன்றைக்கே காலால் படித்திருந்தார்கள்.

மலை வண்டியில் ஆள் மட்டும் வரமாட்டார்கள். பலாப்பழம், புளி, கடுக்காய், தேன், சாமை மூட்டை எல்லாம் வரும். ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்ற வழக்கு வாரம் ஒரு தடவை நடக்கும். தாத்தா தீர்ப்பு: "மடியில இருந்தா கொழந்தை, கீழ இருந்தா லக்கேஜ்."

இந்த வண்டிகளில் முக்கியமானது ஹால்ட் வண்டி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராத்திரி கடைசி டிரிப் மேலே போய், கீழே திரும்பாமல் மலை ஊரிலேயே நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள். விடியற்காலை அந்த வண்டிதான் முதல் டிரிப்பாகக் கீழே வரும். அது இருந்தால்தான் மலையில் இருப்பவர் காலை நேரத்தில் ஆஸ்பத்திரிக்கோ, ஆபீசுக்கோ, படிக்கவோ வர முடியும். கீழேயிருந்து காலையில் கிளம்பி மேலே போய்த் திரும்பி வரும் வண்டி என்றால் பாதிப் பகல் போய்விடும்.

ஹால்ட் வண்டியில் ஒரு ராத்திரி நடந்ததைத் தாத்தா அடிக்கடி சொல்வார். மணி இரண்டு இருக்கும். யாரோ பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார்கள். எழுந்து பார்த்தால் நாலு பேர் கட்டிலில் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். பிரசவ வலி. டிரைவர் ஒன்றும் பேசவில்லையாம். முகத்தைக் கழுவிக்கொண்டு சாவியைப் போட்டார். டிரிப் ஷீட்டில் இல்லாத டிரிப். டீசலுக்கு யார் கணக்கு? ராத்திரியில் மலை இறங்கி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? "அதெல்லாம் கீழ வந்து பேசிக்கலாம்னு எறக்கிட்டோம்" என்றார் தாத்தா. மறுநாள் மெமோ வந்ததாம். விளக்கம் எழுதிக் கொடுத்தார்கள். மேலதிகாரி படித்துவிட்டு, கொழந்தை என்ன என்று மட்டும் கேட்டாராம். பொம்பளைப் பிள்ளை! மெமோ அதோடு முடிந்தது.

"அப்போ மலை வண்டியில லாபம் வருமா தாத்தா?" என்று கேட்டேன்.

"லாபமா? எந்தக் காலத்துல! டீசலுக்கே பத்தாது."

"அப்புறம் எப்படி ஓட்டுனீங்க?"

"டேய், வெளக்கு வைக்கிறவன் எண்ணெய்க் கணக்கு பாத்துட்டு, வீட்டுல ஒரு மூலைக்கு மட்டுந்தான் வெளிச்சம்னு சொல்லுவானா?"

தாத்தா சொன்ன விளக்கைக் கணக்காகப் போட்டால் இப்படி வரும். ஒரு கிலோமீட்டருக்கு வண்டிக்கு ஆகும் செலவு ஒன்று, கிடைக்கும் வசூல் ஒன்று. விழுப்புரம், சென்னை, சேலம் போகும் நெடுஞ்சாலை வண்டியில் கூட்டம் நிற்கும், டாப் கியரில் ஓடும், டீசல் மிச்சம். மலை வண்டியில் கூட்டம் குறைவு, டீசல் அதிகம், டயர், கிளட்ச், பிரேக் லைனிங் எல்லாம் சீக்கிரம் தேயும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று லாபம், இன்னொன்று நஷ்டம். இரண்டையும் ஒரே கழகம் ஓட்டும்போது, நெடுஞ்சாலை வண்டியின் காசு மலை வண்டியைத் தாங்கும். தனி முதலாளியாக இருந்தால் லாப ரூட்டை எடுத்துக்கொண்டு மலையை விட்டுவிடுவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவர் கைக்காசு. பஸ்ஸை அரசே எடுத்து நடத்தியதில் பல குறை இருக்கலாம். கட்டணத்தை ஏற்ற முடியாமல், செலவைக் குறைக்க முடியாமல் கழகங்கள் கடனில் தத்தளித்த கதை ஊருக்கே தெரியும். ஆனாலும் லாபம் வராத ஊருக்கும் வண்டி போக வேண்டும் என்ற ஒரு நியாயம் அதில் இருந்தது.

அப்படிப்பட்ட கம்பெனியின் பெயர் ஏன் போனது?

இதுதான் எனக்கு நெஞ்சில் தைத்த இடம். 1997-ல் விருதுநகரில் புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளைக்காரனை எதிர்த்து உயிர் கொடுத்தவர் சுந்தரலிங்கம். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் எதிர்த்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. பஸ்கள் நொறுங்கின, மனித உயிர்களும் போயின. கடைசியில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. எந்தத் தலைவர் பெயரும் எந்த மாவட்டத்துக்கும் வேண்டாம், எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும் வேண்டாம்.

எல்லாப் பெயரும் ஒரேயடியாக இறங்கின. மன்னர்கள் இறங்கினார்கள், அண்ணா இறங்கினார், கட்டபொம்மன் இறங்கினார். வெளியூர் வண்டிகளில் இருந்த திருவள்ளுவரும் இறங்கினார். (பெயர்ப் பலகையிலிருந்து வள்ளுவர் இறங்கினாலும் குறள் மட்டும் இறங்கவில்லை. டிக்கெட் எடுக்காமல் உள்ளேயே பயணம் செய்துகொண்டிருக்கிறது!) 1993-ல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த நம் மாவட்டத்துக்கு விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் என்று வைத்திருந்த பெயரும் வெறும் விழுப்புரம் ஆனது. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் ஆனது.

சாதியை ஒழிக்கணும் என்று தொண்ணூற்று நாலு வயது வரை ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் பெயரை, சாதிச் சண்டை வந்து பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது. இதைவிடக் கசப்பான வேடிக்கை என்ன இருக்கிறது? கலவரத்தை நிறுத்த வேறு வழி அன்றைக்கு இல்லாமல் இருந்திருக்கலாம். உயிரை விடப் பெயர் பெரிதில்லைதான். ஆனாலும் ஒரு மனிதரின் பெயர் பிடிக்காமல் பஸ் ஏற மறுத்தவர்கள் வென்றார்களா தோற்றார்களா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நண்பர்களே, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பணிமனையில் பெயிண்டர் வந்து ஒவ்வொரு வண்டியாகப் பெயரை அழித்ததைத் தாத்தா பார்த்துக்கொண்டு நின்றாராம். "வருத்தமா இருந்துச்சா தாத்தா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பேரு போனதுல ஒரு நாளு வருத்தம். மறுநாளும் வண்டி மலைக்குப் போச்சு. அதுல மனசு ஆறிப்போச்சு."

இந்த இடத்தில்தான் என் கோரிக்கைக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நமக்குப் பஸ் பாஸ் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் பாஸ் கையில் இருந்து, நேரத்துக்கு வண்டி இல்லை என்றால் அது வெறும் போட்டோ ஒட்டிய அட்டைதான்.

என் வகுப்பில் ஒரு நண்பன் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருந்து வருகிறான். முதல் வருஷம் வீட்டிலிருந்தே வந்து பார்த்தான். முதல் பீரியட் முடியும்போதுதான் வாசலில் நிற்பான். பிறகு ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டான், அவன் பிரச்சனை தீர்ந்தது. அவன் தங்கை இந்த வருஷம் பத்தாவது. கணக்கில் அவனை விடக் கெட்டிக்காரி. நம் கல்லூரியில் சிவில் சேர ஆசை. வீட்டில் சொல்லிவிட்டார்கள்: "பொம்பளப் புள்ளைய வெளிய தங்க வைக்க மாட்டோம். தெனம் வந்து போறதுக்கு வண்டி இருந்தா படி, இல்லன்னா வேணாம்." ஒரு பெண் டிப்ளமோ படிப்பதும் படிக்காமல் போவதும் ஒரு வண்டி அரை மணி முன்னால் கிளம்புவதில் இருக்கிறது.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். யார் மேல் குறை என்று அவர் கேட்கவில்லை. உடனே மனு எழுதும் வேலையில் இறங்கிவிட்டார். "இத பாரு, மனுவுல கண்ணீரு கம்பலை எல்லாம் எழுதாத. எந்த ஊரு, எந்த ஸ்டாப்புல எத்தினி பேரு ஏறுவாங்க, காலேஜி எத்தினி மணிக்கு, வண்டி இப்ப எத்தினி மணிக்கு வருது, எத்தினி மணிக்கு வந்தா போதும். இதை மட்டும் எழுது. புது வண்டி கேக்காத, இருக்கிற வண்டிக்கு நேரம் மாத்தக் கேளு. டைம் ஷீட்டு போடுறவனுக்கு ஆள் கணக்குதான் பாஷை." முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர் சொல்வதில் அர்த்தம் இருக்கும்.

ஆகவே நம் மாணவர் சங்கம் செய்ய வேண்டியது இது. மலையிலிருந்து வரும் மாணவ மாணவிகளின் பட்டியல் ஒன்று எடுக்க வேண்டும். நம் கல்லூரி மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கும் ஐ.டி.ஐ., கலைக் கல்லூரி, மேல்நிலைப் பள்ளிகளிலும் கேட்டுச் சேர்க்கலாம். தாத்தா சொன்ன கணக்கோடு மனு எழுதி, பணிமனையிலும் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்க வேண்டும். அட்மிஷன் தொடங்குவதற்குள் கொடுத்தால்தான் பயன். கையெழுத்து வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மலை நண்பர்கள் சாயங்காலம் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்து பெயரும் ஸ்டாப்பும் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். நம்மில் பல பேர் டிப்ளமோ முடித்ததும் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் அப்ரண்டிஸாகப் போவோம். கிரீஸ் கையோடு ஒரு பழைய வண்டியின் பிரேக் டிரம்மைக் கழற்றும்போது, இது எந்த ரூட் வண்டி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மலை வண்டி என்றால் லைனிங்கை இன்னொரு தடவை பாருங்கள். அதில் யாராவது ஒரு பெண் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் பீரியடுக்கு வந்துகொண்டிருப்பாள். வண்டியின் பக்கவாட்டில் யார் பெயர் இருந்தாலும், பெயரே இல்லாவிட்டாலும், அவள் நேரத்துக்கு வந்து இறங்க வேண்டும்.